‘போச்சு’ என்று சொல்லும் முன்

(முன்னாள் மாணவர் சங்கமத்தின் பிற்பகல் அமர்வில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவது சிரமமான வேலை. அதிலும் பச்சைப்பயிறு பாயசம் போட்ட பிறகு கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசச் சொன்னால், அது செயலாளருக்கு என் மேல் இருக்கிற கோபத்தைத்தான் காட்டுகிறது. கண் அசந்தால் அசந்துக்குங்க. கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அப்போது மட்டும் பக்கத்தில் இருப்பவர் எழுப்பி விட்டால் போதும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘கணிப்பொறியின் இயங்குதளத்தைப் புதுப்பித்த பின் வரும் கோளாறுகளும் தீர்வுகளும்’. இந்த ஊரில் 1996-லிருந்து டி.டி.பி. கடையும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற வேலையும் செய்து வருகிறேன். அதனால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தத் தகுதியில் நான் பேசலாம். ஆனால் உண்மையான தகுதி வேறு. அந்த விஷயத்தில் இந்த ஊரிலேயே பெரிய தப்பைச் செய்தவன் நான்தான். அதை இதுவரைக்கும் பொதுவில் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் தமிழ்த்துறை ஐயாவை நினைவிருக்கும். பெயர் சொல்ல வேண்டாம் என்று அவர் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். ‘ஐயா’ என்றாலே உங்களுக்குத் தெரியும். நான் பி.காம். மாணவன், அவரிடம் படித்தது பொதுத்தமிழ் மட்டும். ஆனால் வகுப்பில் முதல் நாள் அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. ‘பொடக்காலின்னா என்னப்பா?’ என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. வீட்டுக்குப் பின்பக்கம், இது யாருக்குத் தெரியாது? ‘சரி, இதை எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?’ என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. ‘அதான். பேசற சொல்லை எழுதி வெக்காம விட்டா, பேசறவங்களோட அதுவும் போயிரும்’ என்றார்.

சனி ஞாயிறுகளில் டவுன் பஸ் ஏறி மூலனூர், குண்டடம், கன்னிவாடி என்று போவார். தறிக்காரர், ஆடு மேய்ப்பவர், கிணறு வெட்டுபவர், வயசான ஆத்தாமார் எல்லோரிடமும் சொற்களைக் கேட்டு எழுதுவார். எதில் எழுதுவார் தெரியுமா? கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தைச் சீட்டுச் சீட்டாக வெட்டி, அதில் எழுதுவார். ஒரு சீட்டுக்கு ஒரு சொல். ‘ஒட்டுக்கா’, ‘அக்கட்டால’, ‘பொழுதோட’ என்று நாம் நாள் முழுக்கச் சொல்கிற சொல்லெல்லாம் அதில் இருக்கும். கொறங்காடு என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்குங்க. கிளுவை வேலி, வெள்வேல் மரம், கொழுக்கட்டைப் புல் என்று அதைச் சுற்றியே ஐம்பது அறுபது சீட்டு வைத்திருந்தார். மாட்டில் மயிலை, காரி, செவலை என்று நமக்கு நாலைந்து நிறம் தெரியும். அவர் சீட்டில் ஒரு பக்கம் நிறையப் பெயர் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, 1998-ல், ஐயா என் கடைக்கு வந்தார். கையில் இரண்டு பிஸ்கட் டின். ரெண்டிலும் சீட்டு. ‘இதைப் புத்தகமா ஆக்கித் தரணும்ப்பா’ என்றார். மூவாயிரத்துச் சொச்சம் சொல். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் உட்கார்ந்து அடித்தேன். ஆடி, மார்கழி எல்லாம் ஐயாவுக்குத்தான். 2000-க்குள் முடித்தோம். மெய்ப்புப் படி எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு மையில் திருத்தித் தந்தார். திருத்தத்தைப் போட்டதும் மெய்ப்புத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அச்சுக்குப் பணம் சேரவில்லை. ‘இருக்கட்டும், மெல்ல அச்சடிக்கலாம்’ என்றார். அந்த இரண்டு டின்னையும் என்ன செய்வது என்று கேட்டார். நான் சொன்ன வார்த்தை இது: ‘இனி எதுக்குங்க ஐயா சீட்டு? எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு.’ வீடு மாற்றும்போது சீட்டெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டது.

2004-ல் கடைக் கம்ப்யூட்டரை விண்டோஸ் 98-லிருந்து எக்ஸ்.பி.க்கு மாற்றினேன். எல்லோரும் மாற்றினார்கள். பழைய வேலைகளை ஒரு சி.டி.யில் எழுதிக்கொண்டு, டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். கோப்புகளை எடுத்து வைத்தேனே தவிர, அந்தக் கோப்புகளைப் படிக்க வைத்த தமிழ் எழுத்துருவை எடுத்து வைக்கவில்லை. அந்தத் தமிழ் மென்பொருள் ஃபிளாப்பியில் வந்தது. பிரின்டர் செருகுகிற இடத்தில் ஒரு ‘லாக்’ மாட்டினால்தான் ஓடும். எக்ஸ்.பி.யில் அது ஏறவே இல்லை. விற்றவர்களும் அப்போது தொழிலில் இல்லை.

ஐயாவின் கோப்பைத் திறந்தேன். ‘இந்த எழுத்துரு இல்லை, வேறொன்றைப் போடட்டுமா’ என்று பேஜ்மேக்கர் கேட்டது. சரி என்றேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும், தலையில் கொம்பு வைத்த பிரெஞ்சு எழுத்தும். அது எனக்குப் பழக்கம்தான், பயப்படவில்லை. என்னிடமிருந்த வேறு ஒரு தமிழ் எழுத்துருவை அதன் மேல் போட்டேன். தமிழ் எழுத்து வந்தது. ஆனால் தமிழ் வரவில்லை. ‘ளதீ’ என்று ஒன்று, ‘ஜுகுறு’ என்று ஒன்று. இன்னொரு எழுத்துருவைப் போட்டால் வேறு விதமான உளறல். நாலு எழுத்துரு போட்டுப் பார்த்தேன். வைகாசி முகூர்த்த நேரம். கடை வாசலில் பத்திரிகைக்கு ஆள் நிற்கிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன்.

ஐயாவிடம் போய் ‘போச்சுங்க ஐயா’ என்றேன்.

அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். ‘சரி விடு, திரும்ப எழுதலாம்’ என்றார். அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கண்ணில் புரை. மறுபடியும் பஸ் ஏறினார்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். உண்மையில் அங்கே என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், இயங்குதளம் மாற்றியபின் வருகிற கோளாறுகளில் பாதி உங்களுக்கு விளங்கிவிடும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அந்தக் காலத்து எழுத்துருவில் இருந்தது 256 அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு எண். முதல் 128 ஆங்கிலத்துக்கு. நம் எழுத்தோ 247, கிரந்தம் தனி. இடம் போதாது. ஆகவே கொம்பு, கால், புள்ளி என்று துண்டு துண்டாக வைத்தார்கள். எந்தத் துண்டு எந்த அறையில் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன்னிஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது. உதாரணமாக, பாமினி என்ற எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளின் எண்கள். பாமினி இருக்கும் வரை அது அம்மா. வேறு எழுத்துருவைப் போட்டால் அதே ஐந்து எண்ணும் வேறு எதையோ காட்டும். அம்மா எங்கும் போகவில்லை. அம்மாவை அடையாளம் காட்டுகிற கண்ணாடிதான் தொலைந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆங்கில அறைகளில் 173-ஆம் எண் வரி உடையும்போது மட்டும் தலைகாட்டும் இணைப்புக்கோட்டுக்கு உரியது. மற்ற நேரம் அது கண்ணுக்குத் தெரியாது. ஓர் எழுத்துருவில் அந்த இடத்தில் ‘இ’ உட்கார்ந்திருந்தது. பழைய விண்டோஸில் தொந்தரவில்லை. புதியதில் ஒரு நிரல் அந்த விதியைப் பிடித்துக்கொண்டது. ‘எங்கள் இல்லத் திருமண விழா’ என்று அடித்த பத்திரிகை, ‘எங்கள் ல்லத் திருமண விழா’ என்று வந்தது. நல்லவேளை, பெண் வீட்டுக்காரர் மெய்ப்பிலேயே பார்த்துவிட்டார். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு கொறையும் இல்லைங்க, நல்லா இருக்காங்க.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பெரியவர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி ‘டாம்’, ‘டாப்’ என்ற பொதுக் குறியீடுகளும், தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இணையத்தில் உலகத் தமிழர்கள் கூடித் ‘திஸ்கி’ என்ற குறியீட்டை உண்டாக்கினார்கள். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் ஏற்றி, பிறகு யூனிகோடுக்கும் கொண்டு வந்தது. யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. அதில் ‘அ’ என்றால் 2949. தாராபுரத்திலும் 2949, டொராண்டோவிலும் 2949. எந்த எழுத்துருவை மாற்றினாலும் அ அ-வாகவே இருக்கும். விண்டோஸ் 2000-ல் லதா என்ற எழுத்துருவோடு அது நம் மேசைக்கே வந்துவிட்டது. எக்ஸ்.பி.யிலும் இருந்தது, மொழி அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டுச் சி.டி.யைச் செருகினால் போதும். நான் அந்த டிக்கைப் போடாமலே ஆறு வருஷம் எக்ஸ்.பி.யில் வேலை பார்த்தேன். பத்திரிகைக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. நம்மில் பாதிப் பேர் போயிருப்போம். கொடிசியா வளாகத்தில் தமிழ் இணைய மாநாடும் கண்காட்சியும் சேர்ந்து நடந்தன. அந்த மாதத்தில்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்று ஆணையிட்டது. நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஓர் அரங்கில் ஒரு பையன் பழைய எழுத்துருவில் அடித்த பக்கத்தைக் காட்டி, ‘இது கெட்டுப்போன கோப்பு இல்லைங்க. எந்த அறையில எந்த எழுத்துன்னு பட்டியல் இருந்தா, அப்படியே திருப்பிடலாம்’ என்று ஒரு பெரியவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

பல்லடம், குண்டடம் வழியாக பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒரே நினைப்பு, அந்தச் சி.டி. இருக்கிறதா என்பதுதான். இருந்தது. ‘பழைய வேலை’ என்று என் கையெழுத்தில் எழுதி, அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது.

எழுத்துருக்களை மாற்றித் தரும் கருவிகள் அப்போது பல வந்திருந்தன. சுரதாவின் ‘பொங்குதமிழ்’, நியூ ஹொரைசன் மீடியாவின் ‘என்.எச்.எம். கன்வர்ட்டர்’ போன்றவற்றால் பலன் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதிராம்பட்டினத்து உமர் தம்பி, 2006-ல் காலமானவர், ‘தேனீ’ எழுத்துருவையும் மாற்றிகளையும் இலவசமாகவே கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் என்னிடமிருந்த எழுத்துருவின் பட்டியல் எந்தக் கருவியிலும் இல்லை. நானே பட்டியல் போட வேண்டியதாயிற்று.

முதலில் செய்தது இதுதான். சி.டி.யிலிருந்து நகல் எடுத்து, நகலில் மட்டும் கை வைத்தேன். எழுத்துரு எதுவும் போடாமல், வெறும் குறிகளாகவே பக்கத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு பத்தியிலும் முதல் சொல்லுக்கு அடுத்து, அதே மூன்று குறிகள் திரும்பத் திரும்ப வந்தன. இரண்டு புரியாத குறி, ஒரு முற்றுப்புள்ளி. என்னவாக இருக்கும்? ஐயா ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ‘பெ.’ என்று போடச் சொல்வார்; பெயர்ச்சொல் என்பதன் சுருக்கம். முதல் குறி கொம்பு, அடுத்தது ப. கெட்டுப்போன கோப்பில் ஒரே குறி ஆயிரம் தடவை ஒழுங்காக வராது. அந்த நிமிஷம் கோப்பு முழுசாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம்தான் ஆனது. 2004-லேயே ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஐயா வீட்டில் ஒரு புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்த பழைய மெய்ப்புத் தாள் மூன்று கிடைத்தது. தாளில் இருக்கும் எழுத்து, கோப்பில் இருக்கும் குறி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நோட்டில் எழுதினேன். ராத்திரி ராத்திரி மூன்று வாரம். மாற்றும்போது இரண்டு இடத்தில் அடி வாங்கினேன். ஒன்று, பழைய எழுத்துருவில் ‘கெ’ என்றால் கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு முதலில், க அப்புறம். யூனிகோடில் க முதலில், கொம்பு அப்புறம். ‘கொ’ என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், ரெண்டும் சேர்ந்து ஒரே குறி. ஆகவே நீளமானதை முதலில் மாற்றிவிட்டு, குட்டையானதைப் பிறகு மாற்ற வேண்டும். இரண்டு, முதலாவதை இரண்டாவதாக மாற்றிவிட்டு, இரண்டாவதை மூன்றாவதாக மாற்றினால், முதலில் மாற்றியதும் சேர்ந்து ஓடிவிடும். இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். நகலில் செய்ததால் பிழைத்தேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஐயா வீட்டுக்குப் போனேன். அவர் இரண்டாவது தடவை எழுதிக்கொண்டிருந்த நோட்டு ஒன்பது ஆகியிருந்தது. ‘த’ வரிசைக்கு வந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மொத்தத்தையும் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவர், கொறங்காடு பகுதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ‘இதெல்லாம் மூலனூர் பக்கத்துல ஆடு மேச்ச ஒரு பெரியவரு சொன்னது. ரெண்டாவது தடவ போனப்ப அவரு இல்ல. எனக்கும் ஞாபகம் வரல’ என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தோம். அந்தச் சொற்களில் பாதிக்கு மேல் நோட்டில் இல்லை. நான் கெட்டுப்போனது என்று தள்ளிய கோப்பில் மட்டும்தான் அவை உயிரோடு இருந்தன.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். ‘உனக்குத் தெரியலைன்னு சொல்லியிருக்கலாமில்ல? ஏம்ப்பா போச்சுன்னு சொன்ன?’

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் பிழை திருத்துகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய பாடம் யாரும் நடத்தவில்லை. ‘தெரியல’ என்றால் அவர் வேறு ஆளைக் கேட்டிருப்பார். ‘போச்சு’ என்றதும் கதவைச் சாத்தியாகிவிட்டது. எழுபது வயசுக்காரர் ஒருவர் ஆறு வருஷம் பஸ் ஏறி இறங்கினார்.

பழைய கோப்பு, புதிய நோட்டு இரண்டையும் சேர்த்தோம். புதிய நோட்டிலும் பழையதில் இல்லாத சொல் நிறைய இருந்தது. ஐயா 2013-ல் காலமாவதற்கு முன் தொகுப்பு முழுவதையும் ஒருமுறை கேட்டுத் திருத்திக் கொடுத்தார். கட்டுப் போட்ட படி ஒன்று நம் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. யூனிகோடுக் கோப்பு, ஐயா மகள் வீட்டில் ஒன்று, என்னிடம் ஒன்று, வெளியூரில் ஒரு நண்பரிடம் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கிறது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-ல் ஆதரவு நின்றது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. ஒவ்வொரு தடவையும் என் கடைக்கு ஒரு கூட்டம் வருகிறது. எல்லோர் வாயிலும் அதே ‘போச்சு’.

காங்கேயம் பக்கத்தில் ஒரு எண்ணெய் ஆலைக்காரர் வந்தார். இருபது வருஷக் கணக்கு பழைய டாஸ் நிரலில். புதுக் கம்ப்யூட்டர் ‘இந்த நிரல் ஓடாது’ என்கிறது. விண்டோஸ் 11 என்பது 64-பிட் மட்டும்தான். 16-பிட் டாஸ் நிரலை அது தொடாது. ஆனால் நிரல் ஓடாததற்கும் கணக்கு அழிந்ததற்கும் என்ன சம்பந்தம்? கணக்கு டி.பி.எஃப். கோப்புகளில் அப்படியே இருந்தது. லிப்ரே ஆபீஸில் திறந்து காட்டினேன். பிறகு டாஸ்பாக்ஸ் என்ற இலவச நிரலைப் போட்டு, அதற்குள் பழைய நிரலையே ஓட வைத்தோம். அவர் ஒரு டின் தேங்காய் எண்ணெய் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே வீட்டிலோ கடையிலோ இயங்குதளம் மாற்றியபின் ஏதாவது மக்கர் செய்தால், இந்த ஐந்தை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதலாவது, கையை எடுங்கள். சேமிக்க வேண்டாம், அழிக்க வேண்டாம், மறுபடி ஃபார்மட் செய்யவே வேண்டாம். இருப்பதை அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, நகலில் வேலை பாருங்கள்.

இரண்டாவது, என்ன மாறியது என்று தாளில் எழுதுங்கள். நேற்று எது ஓடியது, இன்று எது ஓடவில்லை, நடுவில் என்ன செய்தோம். இயங்குதளம் மாறினால் அதோடு டிரைவர், எழுத்துரு, பயனர் கணக்கு, ஃபோல்டர் இருக்கும் இடம் எல்லாம் மாறும். குற்றவாளி பெரும்பாலும் அந்த நாலில் ஒன்றுதான்.

மூன்றாவது, எல்லையைச் சுருக்குங்கள். ஒரு கோப்பில் மட்டும் கோளாறா, எல்லாக் கோப்பிலுமா? ஒரு நிரலில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? இந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமா, பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலுமா? கிணற்றில் தண்ணீர் இல்லையா, மோட்டார் ஓடவில்லையா, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்போமே, அதே கணக்கு.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் சோதியுங்கள். சரியாகவில்லை என்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

ஐந்தாவது, நாளை எண்ணுங்கள். அழிக்காமல் மேலேயே புதுப்பித்திருந்தால், பழைய விண்டோஸை ஒரு தனி ஃபோல்டரில் வைத்திருக்கும். சாதாரணமாகப் பத்து நாள்தான். அதற்குள் என்றால் அமைப்புப் பக்கத்திலிருந்தே பழையதற்குத் திரும்பலாம். ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இப்போது என் வேண்டுகோள். தூங்குகிறவர்களை எழுப்புங்கள்.

போன வாரம் இந்த மலர் வேலையாகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். விடுமுறையில் அங்குள்ள கம்ப்யூட்டர்களை எல்லாம் மாற்றப் போகிறார்கள். நல்ல காரியம். மூலையில் ஒரு பச்சை பீரோ. அதற்குள் ஒரு அட்டைப் பெட்டி நிறைய ஃபிளாப்பியும் சி.டி.யும். 1996 முதல் 2007 வரைக்கும் நம் சங்கத்து உறுப்பினர் பட்டியல், பழைய சங்கமம் மலர்கள், நாடக விழாப் பிரதிகள், காலமான நம் ஆசிரியர்கள் பலர் எழுதிய கட்டுரைகள். அலுவலகத் தம்பி ஒன்றிரண்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ‘எல்லாம் கெட்டுப் போச்சுங்கண்ணா, தூக்கிப் போட்டரலாமா?’ என்று கேட்டார்.

அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டாலும் எனக்கு அந்த ஒன்பது நோட்டுதான் ஞாபகம் வரும்.

முதல்வர் அனுமதியோடு அந்தப் பெட்டி இப்போது என் கடையில் இருக்கிறது. சில ஃபிளாப்பிகளில் பூஞ்சை பிடித்திருக்கிறது. அவற்றில் எது தேறும் என்று இப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொல்கிறேன். படிக்க முடிகிறவை எல்லாம் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. குறைந்தது ஐந்து விதமான எழுத்துரு. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற என் ஒருவனால் ஆகாது. உங்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் பழைய மலர்களின் அச்சுப் பிரதி இருந்தால், ஒரு வாரம் இரவல் கொடுங்கள். கிழிந்திருந்தாலும் சரி, ஒரு பக்கம் இருந்தாலும் சரி. அந்த ஒரு பக்கத்தை வைத்து ஒரு எழுத்துருவின் பட்டியலையே போட்டுவிடலாம். அடுத்தது, ஓய்வு பெற்றவர்கள், ஞாயிற்றுக்கிழமை பொழுதோட இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்கள், மெய்ப்புப் பார்க்க வாருங்கள். கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும். டீ என் செலவு.

நாம் படித்தபோது இந்த ஊர் பெரியார் மாவட்டம். பிறகு ஈரோடு மாவட்டம் என்றார்கள். 2009-லிருந்து திருப்பூர் மாவட்டம். விலாசம் மாறியதே ஒழிய, ஊர் அமராவதிக் கரையில் அங்கேயேதான் இருக்கிறது. கோப்புகளும் அப்படித்தானுங்க. விலாசம் மாறிப்போனதைப் பார்த்து ஆளே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. கொஞ்சம் நடந்து போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்த ஐயாவை வணங்கி விடைபெறுகிறேன்.